முதலில் சுவடு, கடைசியில் வர்மம்: சண்டைக்கலை கேரக்டருக்குத் திறன் தேர்ந்தெடுப்பது எப்படி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் குழித்துறையில் எங்கள் வீட்டு மாடியில் ஆறு பேர் கூடிவிடுவோம். மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேர், களியக்காவிளை தாண்டி பாறசாலையிலிருந்து பஸ் ஏறி வரும் இரண்டு பேர், அப்புறம் நான். பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம். பெரும்பாலும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதையாக விளையாடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் ஓடும். புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கையால அடிக்கிற ஆளா விளையாடலாமா?" அது நியாயமான ஆசை. அடிமுறை என்கிற சண்டைக்கலையும், உடம்பின் நரம்புப் புள்ளிகளைக் குறிவைக்கும் வர்மமும், சிலம்பமும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மண்ணோடு கிடப்பவை, விளவங்கோடு கல்குளம் பக்கம் பிறந்துவிட்டு ஒரு ஆசானைப் பற்றியாவது கதை கேட்காமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது.

அப்படி வந்த ஒரு தம்பி, புத்தகத்தில் கேட்கவே பயங்கரமாக இருந்த திறன்களை எல்லாம் பொறுக்கி ஒரு கேரக்டர் ஷீட் எழுதிக்கொண்டு வந்தான். எல்லாம் அடி, எல்லாம் குத்து. முதல் சண்டையில் நேராக மூன்று கோப்ளின்களுக்கு, அதாவது குட்டிப் பூதங்களுக்கு, நடுவில் போய் நின்றான், இரண்டாவது சுற்றில் தரையில் கிடந்தான். அவனுக்கு முகம் வாடிவிட்டது. எங்கள் குழுவில் திருவட்டாற்றிலிருந்து வரும் தங்கச்சி ஒருத்தி உண்டு, ஒன்பது வயதிலிருந்து அடிமுறை படிப்பவள். அவள் அந்த ஷீட்டை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அண்ணா, இதுல கால் எங்கே இருக்கு?"

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையே மாற்றிவிட்டேன். எங்கள் பக்கத்துக் களரியில் முதலில் சுவடு, அதாவது கால் எடுத்து வைக்கும் முறை, வைக்கச் சொல்லித் தருவார்கள். அப்புறம் தடுப்பது. அப்புறம் பூட்டுப் போடுவதும் பிரிப்பதும். வர்மம் கடைசி, அதுவும் ஆளைப் பார்த்துத்தான். திறன் தேர்ந்தெடுக்கும்போதும் இதே வரிசையில் போனால் உங்கள் கேரக்டர் நிற்கும். வரிசையைத் தலைகீழாக்கி அடியில் ஆரம்பித்தால் அந்தத் தம்பிக்கு நடந்ததுதான் நடக்கும்.

விளையாட்டே புதிது என்பவர்களுக்கு இரண்டு வரி. டிஎம் என்பவர் உலகத்தையும் எதிரிகளையும் சொல்கிறார், நீங்கள் உங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்கிறீர்கள், பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை, அதாவது டி20, உருட்டிப் பார்க்கிறோம். விழுந்த எண்ணோடு உங்கள் கேரக்டரின் கூட்டலைச் சேர்த்து, எதிரியின் எண்ணை எட்டினால் பலித்தது. இந்த விளையாட்டில் கையால் சண்டை போடும் வகுப்புக்கு மாங்க் என்று பெயர். விளையாட்டு 1974-ல் வந்தது, மாங்க் அதற்கு அடுத்த வருடமே வந்துவிட்டது, அவ்வளவு பழசு. இப்போது புழக்கத்தில் இரண்டு விதிப் பதிப்புகள் உண்டு, 2014-ல் வந்தது ஒன்று, 2024-ல் திருத்தியது ஒன்று. எங்கள் மேசையில் பழையதுதான் இன்னும் ஓடுகிறது, அதனால் நான் தரும் கணக்குகள் அதற்கானவை. புதியதில் மாறுகிற இடத்தில் சொல்கிறேன்.

எண்ணைத் தொடும் முன் ஒரு வாக்கியம்

ஒரு தாளில் உங்கள் ஆள் எப்படிச் சண்டை போடுவான் என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். வாழ்க்கை வரலாறு இப்போது வேண்டாம். அவன் உடம்பு என்ன செய்கிறது என்பது மட்டும். "ஓடி வந்து இரண்டு அடி கொடுத்துவிட்டு எதிரி திரும்பும் முன் விலகிவிடுவான்." இது ஒரு ஆள். "குறுகிய வழியில் நின்று யாரையும் தாண்ட விடமாட்டாள், தாண்டினால் வாரித் தள்ளுவாள்." இது வேறு ஆள். "தொட்டால் விழுவார்கள், அதே கையால் தொட்டுத் தன் ஆட்களை எழுப்பியும் விடுவான்." இது மூன்றாவது.

இந்த மூன்றும் ஒரே வகுப்பில் முடியும், ஆனால் மூன்றையும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்க முடியாது. புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். வாக்கியத்தில் "அப்புறம்", "கூடவே" என்று இரண்டு தடவைக்கு மேல் வந்தால் வெட்டுங்கள். இனி எந்தத் திறனைப் பார்த்தாலும் இந்த வாக்கியத்துக்கு உதவுமா என்று கேட்பதுதான் வேலை.

உடம்பின் எண்கள்

ஆறு குணங்களுக்கு 15, 14, 13, 12, 10, 8 என்று ஆறு எண்களைப் பிரித்துப் போடுவது எளிய வழி. மாங்க்குக்கு முக்கியமானவை மூன்று. டெக்ஸ்டெரிட்டி என்கிற லாவகம், விஸ்டம் என்கிற கூர்ந்த உணர்வு, கான்ஸ்டிடியூஷன் என்கிற தாங்கும் உடம்பு. ஸ்ட்ரெங்க்த் என்கிற பலம் பட்டியலில் இல்லை என்று பார்த்தால் பலருக்கு மனசு ஒப்பாது. கையால் அடிப்பவனுக்குப் பலம் வேண்டாமா? இந்த விதிகளில் மாங்க் தன் கையடிகளுக்கும் தன் ஆயுதங்களுக்கும் டெக்ஸ் கூட்டலையே பயன்படுத்தலாம், அடி படுவதற்கும் வலிப்பதற்கும் இரண்டுக்கும் அதுவே போதும். பலத்துக்குப் போட்ட எண் முடங்கிக் கிடக்கும்.

எண்ணிலிருந்து கூட்டல் வரும் விதம்: 10, 11 என்றால் ஒன்றுமில்லை, 12, 13 என்றால் +1, 14, 15 என்றால் +2, 16, 17 என்றால் +3. அப்படியானால் 17-ம் 16-ம் ஒன்றுதான், 15-ம் 14-ம் ஒன்றுதான். இதை மனசில் வைத்துக்கொண்டு உட் எல்ஃப் இனத்தைப் பாருங்கள், அது டெக்ஸுக்கு 2, விஸ்டத்துக்கு 1 கூடுதலாகத் தருகிறது. எல்லாரும் கை போன போக்கில் 15-ஐ டெக்ஸுக்கும் 14-ஐ விஸ்டத்துக்கும் போடுவார்கள். கடைசியில் 17-ம் 15-ம் வரும், கூட்டல் +3, +2. அதையே மாற்றி 14-ஐ டெக்ஸுக்கும் 15-ஐ விஸ்டத்துக்கும் போட்டால் 16, 16 வரும், கூட்டல் +3, +3. அதே எண்கள், போடும் இடம்தான் வேறு. 2024 விதிகளில் இந்தக் கூடுதல் இனத்திலிருந்து வராது, கேரக்டரின் பின்னணியிலிருந்து வரும், ஆனால் கணக்கு இதேதான்.

இந்த ஒரு +1 ஏன் பெரிது? மாங்க் கவசம் போடுவதில்லை. அவனை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண், அதாவது ஏசி, 10-ஓடு டெக்ஸ் கூட்டலும் விஸ்டம் கூட்டலும் சேர்ந்தது. 16, 16 வைத்திருப்பவனுக்கு முதல் லெவலிலேயே ஏசி 16. கவசம் போட்டாலோ கேடயம் எடுத்தாலோ இந்தக் கணக்கு போய்விடும், வேறு பலனும் போய்விடும், ஆகவே யாராவது ஆசையாக ஒரு இரும்புச் சட்டை கொடுத்தாலும் வாங்கிப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

13-ஐ கான்ஸ்டிடியூஷனுக்குப் போடுங்கள். மாங்க்குக்கு உயிர்ப்புள்ளி எட்டு முகப் பகடைக் கணக்கில் வருவது, ஃபைட்டர் என்கிற போர்வீரன் வகுப்புக்குப் பத்து முகம். முதல் லெவலில் உங்களிடம் 9 புள்ளி. ஒரு நல்ல வாள் வீச்சில் முக்கால்வாசி போகும். எஞ்சிய 12, 10, 8-ஐ உங்கள் ஆளின் குணத்துக்குத் தக்கபடி போட்டுக்கொள்ளுங்கள், அதில் தப்பே கிடையாது.

ஆயுதம் பற்றி ஒரு வார்த்தை. பழைய விதியில் முதல் லெவலில் வெறும் கை அடியின் சேதத்துக்கு நான்கு முகப் பகடைதான். இரண்டு கையாலும் பிடித்த கம்பு எட்டு முகம். கம்பும் மாங்க்கின் ஆயுதக் கணக்கில் வருவதால் டெக்ஸிலேயே வீசலாம், வீசிய பிறகு, ஒரு சுற்றில் முக்கியச் செயலுக்கு மேல் கிடைக்கும் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷனில் ஒரு கை அடியோ கால் அடியோ சேர்க்கலாம். சிலம்பத்தோடு அடிமுறை. வெறும் கை 11-வது லெவலில்தான் கம்பின் அளவுக்கு வருகிறது, அதுவரை கம்பு சுமக்க வெட்கப்பட வேண்டாம். 2024-ல் வெறும் கை ஆறு முகத்திலேயே ஆரம்பித்து 5-வது லெவலில் எட்டு முகம் ஆகிவிடுகிறது, அங்கே கம்பின் தேவை சீக்கிரம் முடிகிறது.

சுவடு

இரண்டாவது லெவலில் மாங்க்கின் ஓட்டம் பத்தடி கூடுகிறது. மனிதன் ஒரு சுற்றில் 30 அடி போவான், நீங்கள் 40. எதிரிகளில் பெரும்பாலோர் 30-தான். இந்தப் பத்தடியைத்தான் புதியவர்கள் கண்டுகொள்வதே இல்லை, அதில்தான் மாங்க்கின் உயிர் இருக்கிறது. வில்லாளியிடம் முதலில் போய்ச் சேர்வது நீங்கள். பின்னால் நின்று மந்திரம் போடுகிறவனைத் தொடுவது நீங்கள். அடிபட்டால் யாரும் துரத்திப் பிடிக்க முடியாத தூரம் போவதும் நீங்கள்.

ஆனால் ஒரு தடை உண்டு. எதிரியின் கைக்கெட்டும் தூரத்திலிருந்து விலகினால் அவனுக்கு ஒரு இலவச அடி கிடைக்கும். அதைத் தவிர்க்கும் வழி உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் "இதுல கால் எங்கே" என்ற கேள்வியின் உள்ளே இருப்பது. வழிகள் சில உண்டு. ஸ்டெப் ஆஃப் த விண்ட் என்ற திறன், கீ என்ற மாங்க்கின் சக்திப் புள்ளியில் ஒன்று கொடுத்தால் போனஸ் ஆக்‌ஷனில் அடி வாங்காமல் விலகவோ இரட்டைத் தூரம் ஓடவோ விடும். மொபைல் என்ற ஃபீட், அதாவது குணத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக எடுக்கும் சிறப்புத் திறன், ஓட்டத்தை இன்னும் பத்தடி கூட்டி, நீங்கள் யாரை அடிக்க முயன்றீர்களோ அவரிடமிருந்து இலவசமாக விலகவும் விடும். "ஓடி வந்து அடித்து விலகுபவன்" என்று எழுதியவர்கள், 4-வது லெவலில் டெக்ஸைக் கூட்டுவதா மொபைல் எடுப்பதா என்று கேட்டால் மொபைல் என்பேன். மற்றவர்கள் டெக்ஸ். 2024 விதியில் இந்தக் கவலை பாதி தீர்ந்துவிட்டது, போனஸ் ஆக்‌ஷனில் விலகுவதற்கும் ஓடுவதற்கும் புள்ளியே கேட்பதில்லை, புள்ளி கொடுத்தால் இன்னும் கூடுதல் கிடைக்கும். மாங்க்குக்கு 2024-ல் கிடைத்த நல்ல காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கால் என்றால் கீழே விழுவதும் சேர்ந்ததுதான். 4-வது லெவலில் ஸ்லோ ஃபால் வருகிறது, விழும் சேதத்திலிருந்து லெவலைப் போல ஐந்து மடங்கு கழியும். இதைப் படிக்கும் எல்லாரும் "இது எதுக்கு?" என்று தாண்டிவிடுவார்கள். நான் எங்கள் பிள்ளைகளிடம் மாத்தூர் தொட்டிப்பாலத்தை வைத்துச் சொல்வேன். 115 அடி உயரம். விதிப்படி ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு ஆறு முகப் பகடை, ஆக 11 பகடை, சராசரி 38-க்கு மேல். 4-வது லெவலில் 20 கழியும், பாதி அடி படும். 8-வது லெவலில் 40 கழியும், சராசரியாகப் பார்த்தால் பாலத்திலிருந்து பறளியாற்றங்கரைக்குக் குதித்து எழுந்து நடந்து போகலாம். இதைக் கேட்டதும் கண் விரியும். துரத்தல், கோட்டை மதில், மலைப்பாதை என்று போகும் கதைகளில் இந்தத் திறன் ஒரு வாளை விட மதிப்பு.

தடை

மூன்றாவது லெவலில் எய்த அம்பைக் கையால் தட்டும் டிஃப்ளெக்ட் மிசைல்ஸ் தானாகவே வரும். பத்து முகப் பகடையோடு டெக்ஸ் கூட்டலும் லெவலும் சேர்த்து அவ்வளவு சேதம் குறையும். மூன்றாம் லெவலில் குறைந்தபட்சமே 7. சாதாரண அம்பு ஒன்று பெரும்பாலும் முழுசாகவே நின்றுவிடும். ஒரு சுற்றுக்கு ஒரு அம்புதான் என்பதை மறக்காதீர்கள், மூன்று வில்லாளிகளின் முன்னால் மார்பைக் காட்டி நிற்காதீர்கள். 2024-ல் இது வாள் வீச்சுக்கும் குத்துக்கும்கூடப் பொருந்தும், அதனால் அந்த மாங்க் முன்வரிசையில் நன்றாகவே தாக்குப்பிடிக்கிறான்.

"குறுகிய வழியில் நிற்பவள்" வகைக்கு பேஷன்ட் டிஃபென்ஸ் முக்கியம். ஒரு புள்ளி, போனஸ் ஆக்‌ஷன், அந்தச் சுற்று முழுக்க உங்களை அடிக்க வருகிறவர் இரண்டு பகடை உருட்டிச் சின்னதை எடுக்க வேண்டும். அடிக்கும் ஆசையில் இதை யாரும் தொடுவதில்லை. தொட்டவர்கள்தான் மூன்றாவது சண்டையிலும் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

பூட்டு

இங்கே ஒரு ஏமாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அடிமுறையில் பூட்டு எவ்வளவு அழகான பகுதி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அதனால் எங்கள் பிள்ளைகள் எதிரியைப் பிடித்து மடக்கத்தான் முதலில் ஆசைப்படுவார்கள். 2014 விதியில் பிடிப்பது அத்லெடிக்ஸ் திறனில், அது பலத்தில் ஓடுவது. நாம் பலத்துக்கு 8-ஓ 10-ஓ போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். பிடி நிற்காது. பூட்டுத்தான் உங்கள் ஆளின் அடையாளம் என்றால் டிஎம்மிடம் கேட்டு 2024 விதியை எடுங்கள், அங்கே மாங்க் பிடிப்பதற்கும் தள்ளுவதற்கும் டெக்ஸையே பயன்படுத்தலாம்.

பழைய விதியிலேயே இருந்தால் ஓபன் ஹேண்ட் என்ற மரபு, அதாவது மாங்க்கின் உட்பிரிவு, கை கொடுக்கும். ஒரு புள்ளி கொடுத்து ஃப்ளரி ஆஃப் ப்ளோஸ் என்கிற அடுக்கடி அடிக்கும்போது, அதில் படும் ஒவ்வொரு அடிக்கும் எதிரியைக் கீழே வீழ்த்தவோ, 15 அடி தள்ளவோ, உங்கள் அடுத்த முறை முடியும்வரை, மற்றவர் முறையில் சட்டென்று செய்யும் எதிர்வினையான ரியாக்‌ஷன் இல்லாமல் செய்யவோ முயலலாம். வீழ்த்துவதற்கும் தள்ளுவதற்கும் எதிரி பகடை போட்டுத் தப்பிக்கப் பார்ப்பான், ரியாக்‌ஷனைப் பறிப்பதற்கு அந்தப் பகடைகூட இல்லை. ரியாக்‌ஷன் போனால் இலவச அடியும் போச்சு, நீங்கள் மட்டுமல்ல, உங்கள் குழுவே அவனைச் சுற்றி நடந்து போகலாம். ஒரு தடவை எங்கள் மேசையில் ஒரு தொங்குபாலத்தில் சண்டை, எதிரி எங்களை விட இரண்டு மடங்கு பலசாலி, ஒரே தள்ளலில் காட்சி முடிந்தது. 15 அடி என்பது வெறும் எண் மாதிரித் தெரியும், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வந்தால் அதன் மதிப்பு புரியும்.

வர்மம்

ஐந்தாவது லெவல் வந்ததும் எல்லாரும் காத்திருந்த ஸ்டன்னிங் ஸ்ட்ரைக். அடி பட்டதும் ஒரு புள்ளி கொடுத்தால், எதிரி கான்ஸ்டிடியூஷன் பகடை போட்டுத் தப்பிக்க வேண்டும், தப்பாவிட்டால் உங்கள் அடுத்த முறை முடியும்வரை அசைய முடியாது. 108 வர்மம், அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று ஆசான்கள் சொல்லும் கணக்கைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த ஒரு திறனுக்காகவே மாங்க் பிடிக்கும். எனக்கும்தான்.

ஆனால் யார் மேல் போடுவது? எதிரி எட்ட வேண்டிய எண், 8-ஓடு உங்கள் லெவலின் தேர்ச்சிக் கூட்டல் 3, விஸ்டம் கூட்டல் 3, மொத்தம் 14. கான் கூட்டலே இல்லாத மந்திரவாதி 14-க்குக் கீழே உருட்டினால் விழுவான், நூற்றுக்கு 65 தடவை. கான் +3 இருக்கும் ஓகர் என்கிற முரட்டு ராட்சசன் சரிபாதி. கான் பகடையில் கூட்டல் +8 இருக்கும் பெரிய அரக்கன் நூற்றுக்கு 25 தடவைதான். ஆனால் மேசையில் நடப்பது என்ன? எல்லாப் புள்ளியையும் அரக்கன் மேல் கொட்டுவார்கள், மந்திரவாதி மூலையில் நின்று சாவகாசமாக நெருப்பு எறிந்துகொண்டிருப்பான். உங்களுக்குத்தான் 40 அடி ஓட்டம் இருக்கிறதே, மந்திரவாதியிடம் போங்கள். சுவடு முதலில் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகவும்தான், கால் கொண்டு போய்ச் சேர்த்தால்தான் வர்மம் சரியான உடம்பில் விழும். 2024-ல் உங்கள் ஒவ்வொரு முறையிலும் ஒரு தடவைதான் இதை முயலலாம், தப்பித்தாலும் எதிரிக்குக் கொஞ்சம் பாதிப்பு உண்டு.

கீ என்னும் மடிப்பணம்

கீ புள்ளிகள் உங்கள் லெவல் எண்ணுக்குச் சமம். 2024-ல் அதையே ஃபோகஸ் என்கிறார்கள். ஐந்தாம் லெவலில் ஐந்து. ஒரு ஃப்ளரியும் இரண்டு ஸ்டன்னும் போட்டால் ஒரே சுற்றில் மூன்று போச்சு, இரண்டாவது சுற்றில் மடி காலி. மறுபடி நிரம்ப ஒரு மணி நேர ஓய்வு வேண்டும், பழைய விதியில் அதில் அரை மணி நேரம் தியானத்தில் உட்கார வேண்டும்.

அதனால் எந்தத் திறனை எடுக்கும் முன்னும் இரண்டு கேள்வி. இதற்குப் புள்ளி வேண்டுமா? வேண்டும் என்றால், என்னிடம் ஏற்கெனவே புள்ளி தின்னும் திறன்கள் எத்தனை? 2014-ன் ஃபோர் எலிமென்ட்ஸ் மரபு கையிலிருந்து நெருப்பும் தண்ணீரும் பாய்ச்சும், படிக்கும்போது ஆசையாக இருக்கும், ஆனால் எல்லாமே இந்த ஒரே மடியிலிருந்து எடுக்கிறது. முதல் கேரக்டருக்கு நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை. புள்ளியே கேட்காத அடியும் உங்களிடம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்: ஐந்தாம் லெவலில் ஆக்‌ஷனுக்கு இரண்டு, போனஸுக்கு ஒன்று, மூன்று அடி சும்மாவே. சில்லறை எதிரிகளுக்கு அது போதும்.

மரபு

மூன்றாம் லெவலில் மரபு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்குள் உங்கள் வாக்கியமே பதில் சொல்லியிருக்கும். வழியை மறிப்பவளுக்கு ஓபன் ஹேண்ட். இருட்டில் வந்து இருட்டில் மறைபவனுக்கு ஷேடோ, 6-வது லெவலில் ஒரு நிழலிலிருந்து 60 அடிக்குள் இருக்கும் இன்னொரு நிழலுக்குத் தாவிவிடலாம், ஆனால் பகல் வெளிச்சத்திலேயே நடக்கும் கதை என்றால் வேண்டாம்.

எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது மெர்சி. அடித்த கையாலேயே குணப்படுத்துவது. ஒரு புள்ளிக்குக் கை வைத்து உயிர்ப்புள்ளி ஏற்றலாம், ஒரு புள்ளிக்கு அடியில் கூடுதல் சேதம் சேர்க்கலாம், இரண்டிலும் விஸ்டம் கூட்டல் சேரும். எங்கள் ஊரில் வர்ம ஆசான் என்றால் வைத்தியரும்தான். அடிபட்டு வர்மம் கொண்டவனை இளக்குமுறை செய்து எழுப்பத் தெரியாதவரை ஆசான் என்று யாரும் சொல்லமாட்டார்கள், எலும்பு முறிந்தாலும் நரம்பு பிசகினாலும் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்காருவதும் அதே கைதான். அந்த மனிதரை மேசைக்குக் கொண்டுவர இதை விடப் பொருத்தமான மரபு வேறு இல்லை. திருவட்டாற்றுத் தங்கச்சி விளையாடுவதும் இதைத்தான். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களோடு மோதிய காலத்தை வைத்து ஒரு கதை ஓட்டினோம், அதில் அவள் ஆள் போருக்கு முந்திய இரவில் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தது.

வேறு விளையாட்டு என்றால்

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் ஒவ்வொருவருக்கும் சுற்றுக்கு மூன்று ஆக்‌ஷன். மாங்க்குக்கு ஒரே ஆக்‌ஷனில் இரண்டு அடி முதல் லெவலிலேயே உண்டு. அங்கே ஸ்டான்ஸ் என்று நிலைகள் இருக்கின்றன, புலி, ஓநாய், கொக்கு, மலை என்று, நம் ஆட்களுக்கு விளக்கமே வேண்டாம். புதியவர் ஒரே ஒரு நிலை எடுத்தால் போதும், ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒரு நிலையில்தான் நிற்க முடியும், மாறுவதற்கு ஒரு ஆக்‌ஷன் செலவாகும். ஓடுபவனுக்குப் புலி, நகராமல் நிற்பவனுக்கு மலை. மலை நிலை ஏசியை நாலு ஏற்றும், ஆனால் டெக்ஸின் பலன் அந்தக் கணக்கில் சேராது, தரையிலேயே நிற்கவும் வேண்டும். ஆகவே மலை எடுப்பவர் இந்த ஒரு இடத்தில் பலத்தை முதலில் வைக்கலாம். மேசையில் மூன்றாவது அடி மூன்றாவது அடி என்று பறக்காதீர்கள், ஒவ்வொரு கூடுதல் அடிக்கும் பகடையில் கழிவு ஏறிக்கொண்டே போகும், அந்த ஆக்‌ஷனில் சற்று விலகி நில்லுங்கள். மறுபடியும் கால்தான்.

கர்ப்ஸ் என்ற விளையாட்டில் வகுப்பே கிடையாது, புள்ளி கொடுத்து ஒவ்வொன்றாக வாங்க வேண்டும். டெக்ஸுக்கு இணையான டிஎக்ஸ் ஒரு படி ஏற 20 புள்ளி, பலம் ஒரு படி 10 புள்ளி. காம்பாட் ரிஃப்ளெக்ஸஸ் 15 புள்ளி, சண்டை போடும் எந்த ஆளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நரம்புப் புள்ளியில் அடிப்பதற்கென்றே பிரஷர் பாயின்ட்ஸ் என்று தனித் திறன் உண்டு, ஆனால் அதைப் படிக்கவே ஆசானிடம் பயின்றவன் மாதிரி ஒரு தகுதி வேண்டும், அந்தத் தகுதிக்கு மட்டும் 30 புள்ளி. விதி எழுதியவர்கள் எங்கள் ஊர் ஆசான்களைப் பார்த்ததில்லை, ஆனாலும் வர்மம் கடைசி என்ற இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

சண்டை இல்லாத நேரம்

மேசையில் பாதி நேரம் பேச்சும் தேடலும்தான். மாங்க்குக்கு வகுப்பிலிருந்து இரண்டு திறன் கிடைக்கும், டெக்ஸும் விஸ்டமும் உயர்ந்திருப்பதால் ஸ்டெல்த்தும் இன்சைட்டும் எடுங்கள், அதாவது சத்தமில்லாமல் போவதும் ஆள் பொய் சொல்கிறானா என்று அறிவதும். பின்னணியிலிருந்து பெர்செப்ஷன் கிடைத்தால் விடாதீர்கள். அவ்வளவு போதும், ஊர்ச் சந்தையில் நடக்கும் காட்சியில் உங்களுக்கு வேலை இருக்கும்.

ஷீட்டை முடிக்கும் முன் டிஎம்மிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எந்தப் பதிப்பு? ஒரு நாளில் எத்தனை சண்டை, நடுவில் ஒரு மணி நேர ஓய்வு கிடைக்குமா? ஓய்வே தராதவர் என்றால் புள்ளி தின்னும் திறன்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், மொபைல் மாதிரி சும்மா கிடைப்பதைக் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்றாவது, இரண்டு மூன்று வாரம் விளையாடிய பிறகு ஒரு திறனை மாற்றிக்கொள்ள விடுவாரா? நான் என் மேசையில் மூன்றாவது லெவல் வரை எதை வேண்டுமானாலும் மாற்ற விடுகிறேன்.

அந்தத் தம்பியும் மாற்றிக்கொண்டான். பலத்தில் கிடந்த 15-ஐ விஸ்டத்துக்குக் கொண்டுபோனான், கையில் ஒரு கம்பு எடுத்தான், தாளின் தலையில் பென்சிலால் "நிக்காம அடிப்பான்" என்று எழுதினான். அடுத்த ஞாயிறு அதே மாதிரி மூன்று கோப்ளின் வந்தது. அவன் மேசையில் விரலை வைத்துக் கட்டம் எண்ணினான், எட்டுக் கட்டம், 40 அடி, சுற்றிப் போய்ப் பின்னால் வில்லோடு நின்றவனை முதலில் அடித்தான். தங்கச்சி ஷீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்று சொல்லித் தன் பகடையை எடுத்தாள்.